மணிக்கணக்கில் வாடகை, மரியாதைக்கு விடுமுறையா?

மலாக்காவில் இந்திய இளைஞர்கள் மாலையில் கூடும் இடங்களைப் பட்டியலிட்டால், காற்பந்துத் திடலுக்கும் மாமாக் கடைக்கும் அடுத்ததாகப் பூல், ஸ்னூக்கர் நிலையங்கள் வந்துவிடும். புக்கிட் பெருவாங், ஆயர் குரோ பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் தொழிற்சாலை வேலை முடித்து வரும் இளைஞர்கள். ஒரு மணி நேரக் கட்டணத்தை நான்கு பேர் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு தே தாரேக்கும் ரொட்டி சானாயும் சாப்பிடும் செலவுதான். மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது. ஆள் உயரமோ உடல் பலமோ தேவையில்லை. நிதானம் இருந்தால் போதும்.

இந்தப் பக்கத்தில் எஸ்.பி.எம். தேர்வு, உபகாரச் சம்பளம், மேற்கல்வி வாய்ப்பு பற்றி எழுதுவதுதான் வழக்கம். இன்று பூல் மேசையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் உள்ள ஒரு நிலையத்தில் கடந்த ஆண்டு ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். ஒரு மேசைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. முன்பணம் கட்ட வேண்டும். அடையாள அட்டையை முகப்பில் கொடுத்துவிட்டு ஆட வேண்டும். பலகையில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் அந்த முன்பணம் யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதைப் பல மாலைகள் நான் பார்த்திருக்கிறேன். நம் பையன்கள் நான்கு பேர் படியேறி வந்தால் முகப்பில் இருப்பவரின் கை தானாகவே அந்தப் பலகையைக் காட்டுகிறது.

இது சரியில்லை. சிலர் செய்ததற்கு எல்லாரையும் சந்தேகிப்பது எவருக்கும் நியாயம் ஆகாது. அதைச் சொல்லிவிட்டு, அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகை வானத்திலிருந்து விழவில்லை. துணி கிழிந்த மேசை, குளிர்பானம் சிந்திய விளிம்பு, இரண்டாக முறிந்த கியூ, படிக்கட்டில் காறித் துப்பிய எச்சில், நள்ளிரவில் கீழ்க்கடை வாசலில் போட்ட கூச்சல் ஆகியவற்றின் தொகைதான் அந்தப் பலகை. முன்முடிவோடு பார்ப்பவரைத் திருத்துவது நம் கையில் முழுதாக இல்லை. அந்த முன்முடிவுக்குத் தீனி போடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மேசையின் மேல் என்ன இருக்கிறது?

“ஒரு மேசைதானே, என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர்களுக்கு முதலில் அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது மரப்பலகை அல்ல, கற்பலகை. பெரும்பாலும் ஐந்து கற்பலகைகளை அருகருகே வைத்து, இடைவெளியை மெழுகு போன்ற பொருளால் அடைத்து, மட்டம் பார்த்துச் சமன் செய்கிறார்கள். மேசையின் மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல். ஒரு முறை பொருத்திவிட்டால் எளிதில் நகர்த்த முடியாது. 9 அடி பூல் மேசைக்கும் இதே கதைதான். கற்பலகைகள் மூன்றாக இருக்கும்.

அந்த மேசையின் விளிம்பில் ஒருவன் ஏறி உட்காருகிறான். பக்கத்தில் நிற்பவன் சிரிக்கிறான். உடனே ஒன்றும் உடைவதில்லை. ஆனால் விளிம்புச் சட்டமும் குஷனும் திருகாணிகளால் இறுக்கப்பட்டவை. நாள்தோறும் பத்துப் பேர் உட்கார்ந்தால் பிடிப்பு தளர்கிறது, பந்து குஷனில் பட்டு வரும் வேகம் மாறுகிறது, மட்டம் பிசகுகிறது. பிறகு அதே பையன்கள், “இந்த மேசை கோணல், பந்து ஒரு பக்கமாக ஓடுகிறது” என்று குறை சொல்கிறார்கள்.

துணியும் சாதாரணத் துணி அல்ல. ஸ்னூக்கர் மேசைத் துணி கம்பளி நூலில் நெய்தது. அதன் இழைகள் ஒரு திசை நோக்கிப் படிந்திருக்கும். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனை நோக்கி ஒரே திசையில் தூரிகையால் துடைக்கிறார்கள். பிறகு அதற்கென்றே உள்ள இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். கம்பளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். பெரிய போட்டிகளில் கற்பலகைக்கு அடியில் வெப்பமூட்டிகள் வைப்பதே துணி உலர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிப்பட்ட துணிக்குப் பக்கத்தில், வியர்த்து வழியும் ஐஸ் மிலோ குவளையை விளிம்பில் வைத்தால் என்ன ஆகும்? குவளை கவிழவே வேண்டியதில்லை. சொட்டும் நீரே போதும்.

கியூ முனையில் தேய்க்கும் நீலச் சாக்கைக்கூட நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பெயர்தான் சாக். பள்ளிக் கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கட்டி அல்ல அது. 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது. சிலிக்காவும் தேய்ப்புப் பொடியும் சேர்ந்தது. கியூ முனை பந்தில் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சொரசொரப்பாகச் செய்யப்பட்டது. அதே சொரசொரப்புத் துணியின் மேல் கொட்டினால், ஒவ்வொரு முறை பந்து உருளும்போதும் துணியை மெல்ல அராவும். எனவேதான் பழகிய ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு விலகி நின்று சாக் போடுகிறார்கள். சாக்கட்டியை வைக்கும்போது நீல முகத்தை மேல்நோக்கி வைக்கிறார்கள். பார்ப்பவருக்கு இது பந்தா போலத் தெரியலாம். காரணம் தெரிந்தவருக்கு அது சிக்கனம்.

பொடி ஒரு மேசையை என்ன செய்யும் என்பதை உலகமே ஒரு முறை நேரில் பார்த்தது. 2023 ஏப்ரல் 17ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் குருசிபிள் அரங்கில் உலக ஸ்னூக்கர் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, போராட்டக்காரர் ஒருவர் மேசையின்மீது ஏறி ஆரஞ்சு நிறப் பொடியைக் கொட்டினார். அந்த மேசையில் அன்றிரவு ஆட்டம் தொடரவில்லை. துணியையே மாற்றிய பிறகுதான் ஆட முடிந்தது. உலகின் தலைசிறந்த மேசைப் பணியாளர்கள் பக்கத்திலேயே இருந்த அரங்கில் இந்த நிலை. நம் ஊர் நிலையத்தில் புதுத் துணி போட ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். செலவு பல நூறு வெள்ளி. அதுவரை அந்த மேசைக்கு வருமானம் இல்லை.

மரியாதையே விதி

“நாங்கள் பொழுதுபோக்க வருகிறோம். போட்டிக்கா வருகிறோம், விதியெல்லாம் பார்க்க?” என்பது அடுத்த வாதம். நியாயமான கேள்விதான். நண்பர்களோடு ஆடும் இடத்தில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேஸ்ட்கோட்டும் போட்டு வர யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் மரியாதை என்பது மேலே ஒட்டிய அலங்காரம் அல்ல. விதிப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

ஸ்னூக்கர் விதிப்படி, ஒருவர் ஆடும்போது மற்றவர் அவருடைய பார்வைக் கோட்டில் நிற்கவோ அசையவோ கூடாது. மேசையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும் அல்லது நிற்க வேண்டும். பந்தை அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் பட்டிருக்க வேண்டும். இரு காலும் தரையை விட்டால் ஃபவுல். சட்டைக் கை பந்தில் பட்டாலும் ஃபவுல். ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதற்கும் முறை உண்டு: தன் முறை வரும்போதுதான் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம், எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது கையை வீசிவிட்டு எழுந்து போகக் கூடாது. பண்பற்ற நடத்தைக்காக ஒரு ஃபிரேமை எதிராளிக்குக் கொடுத்துவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு.

பூல் ஆட்டத்தில் பந்தைத் தாண்டிக் குதிக்க வைக்கும் அடி அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் வெள்ளைப் பந்தின் மேற்பகுதியில் கீழ்நோக்கி அடித்துக் குதிக்க வைக்க வேண்டும். கியூவைப் பந்துக்கு அடியில் நுழைத்துத் தூக்கினால் அது தவறு. காணொளியில் பார்த்துவிட்டு நம் பையன்கள் செய்து பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. துணி கிழிவதும் பெரும்பாலும் இதனால்தான். விதி எதற்காக இருக்கிறது என்பது கிழிந்த இடத்தைப் பார்த்தாலே புரியும்.

புகழ் பெற்றவர்களுக்கும் விலக்கு இல்லை. 2006 டிசம்பரில் யார்க் நகரில் நடந்த பிரிட்டன் போட்டியின் காலிறுதியில், ரோனி ஓ’சலிவன் ஸ்டீபன் ஹென்றிக்கு எதிராக 4-1 எனப் பின்தங்கியிருந்த நிலையில், ஆட்டத்தின் நடுவிலேயே கைகொடுத்துவிட்டு வெளியேறினார். அவருடைய திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. இருந்தும் அவருக்கு 20 ஆயிரம் பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. அவரும் மன்னிப்புக் கேட்டார்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. நடுவர் கவனிக்காத ஃபவுலை ஆடியவரே ஒப்புக்கொள்வது. கியூவின் ஓரம் பந்தில் மெல்லப் பட்டிருக்கும். அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கையை உயர்த்திச் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார். நிலையங்களில் நடுவரே கிடையாது. எனவே இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அங்கே ஆட்டமே கிடையாது, வாய்ச்சண்டைதான் மிஞ்சும். “பட்டுச்சு”, “படல” என்று தொடங்கிக் கியூவைத் திருப்பிப் பிடிக்கும்வரை போன மாலைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஊட்டியிலிருந்து வந்த ஆட்டம்

சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். இந்த விதியும் ஒழுங்கும் வெள்ளைக்காரத் துரைகளின் கிளப் பழக்கம்தானே, அதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

இதற்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. ஸ்னூக்கர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, இந்தியாவில். 1875இல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி நெவில் சேம்பர்லின், பில்லியர்ட்ஸ் மேசையில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. அதன் விதிகள் 1882இல் எழுதப்பட்டு மாட்டப்பட்ட இடம், தமிழ்நாட்டு நீலகிரி மலையில் உள்ள ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை. ஆக, இந்த ஆட்டத்துக்கு முதலில் விதி எழுதி மாட்டிய சுவர் தமிழ் மண்ணில் இருக்கிறது.

அந்த அறைக்குள் அன்றைய தமிழர்கள் ஆட்டக்காரராக நுழைந்திருக்க முடியாது. பரிமாறவும் துடைக்கவும்தான் நுழைந்திருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். 1912இல் எழுந்த மலாக்கா கிளப் கட்டடம் ஐரோப்பிய அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் கூடிய இடம். அதே காலத்தில் நம் முன்னோர் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். இன்று அந்தக் கட்டடம் பண்டார் ஹிலிரில் சுதந்திரப் பிரகடன நினைவகமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

ஆட்டமும் அப்படித்தான் கைமாறியது. 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்று, தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற இந்தியர் ஆனார். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தை இலங்கையின் எம்.ஜே.எம். லாஃபிர் வென்றார். பெங்களூருவைச் சேர்ந்த பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைக் கையில் வைத்திருக்கிறார். நம் வட்டாரத்தில் சீ விளையாட்டுப் போட்டியில் 1987 முதல் இந்த ஆட்டம் இடம்பெற்று வருகிறது. 2017இல் கோலாலம்பூரிலும் நடந்தது. நாட்டுக்காக ஆடும் வாய்ப்புள்ள ஆட்டம் இது. கதவு ஒரு காலத்தில் மூடியிருந்தது என்பதற்காக, திறந்த பிறகு உள்ளே போய் நாற்காலியை உதைப்பது பழிவாங்கல் ஆகாது. இன்று அந்த நாற்காலி துரையுடையதும் அல்ல. கடன் வாங்கிக் கடை நடத்தும் நம் ஊர்க்காரர் ஒருவருடையது.

தோட்ட மண்டபத்தில் இருந்த கண்கள்

தோட்டத்தில் வளர்ந்த என் பெரியப்பா போன்றவர்களுக்கு ஆட்டம் என்றால் கேரம். தோட்ட மண்டபத்தில் ஒரே ஒரு பலகை இருக்கும். பொடியை அள்ளித் தூவி, காயை ஓங்கிச் சுண்டி, சத்தமாகக் கணக்குச் சொல்லி ஆடுவார்கள். பூல் மேசையில் பொடியைத் தாராளமாகக் கொட்டிக் கையைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேரம் பலகைக்குப் பொடி வேண்டும்; பூல் துணிக்குப் பொடி ஆகாது. இது தெரியாமல் செய்வது, சொன்னால் திருந்திவிடும்.

ஆனால் அந்த மண்டபத்தில் வேறொன்று இருந்தது. பலகையை உடைத்தவன் யார் மகன் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் அவன் அப்பா காதுக்குச் செய்தி போய்விடும். கண்காணிக்கக் காமிரா தேவைப்படவில்லை. ஊரே கண்ணாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்த பிறகு அந்தக் கண்கள் இல்லை. நகரத்து நிலையத்தில் நாம் யார் மகன் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுதந்திரம்தான் நம்மைச் சோதிக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதுதான் நம் வளர்ப்பு.

மேசையைத் துடைப்பவர்

பொருளுக்கான மரியாதையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, மனிதருக்கான மரியாதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

பல நிலையங்களில் பந்துகளை அடுக்கித் தருபவரும் மேசையைத் துடைப்பவரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். நம்மைவிட ஐந்தாறு வயது மூத்தவராகவும் இருப்பார்கள். அவர்களை நம் பையன்கள் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள், “ஹோய்” என்கிறார்கள், பேசும் மலாயைக் கேலி செய்கிறார்கள். சிந்திய பானத்தைக் காலால் காட்டித் துடைக்கச் சொன்ன ஒரு மாலையை நான் பார்த்தேன். அந்த அண்ணன் குனிந்து துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முறிந்த கியூவுக்கும் கிழிந்த துணிக்கும் முதலாளியிடம் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாம் படியிறங்கிப் போய்விடுவோம்.

நம் தாத்தாக்களின் கதை இதுதான் அல்லவா? கப்பலேறி வந்து, பெயருக்குப் பதிலாக “ஆள்” என்று கணக்கிடப்பட்டு, துரையும் கிராணியும் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டபோது ஓடியவர்கள் அவர்கள். அந்த வலியை மேடைகளில் நாம் மறக்காமல் பேசுகிறோம். பேரப்பிள்ளைகள் அதே விரலை இன்னொரு நாட்டுத் தொழிலாளியிடம் சொடுக்கினால், அந்தப் பேச்சு வெறும் பேச்சுத்தான். பெயரைக் கேட்டு, “அபாங்” என்று அழைத்து, ஒரு “தெரிமா காசே” சொல்வதற்குக் கட்டணம் கிடையாது.

தோழிகள் ஏன் வருவதில்லை?

என் வகுப்பில் பூல் ஆட விரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். வளாகத்தில் ஏதாவது கேளிக்கை நாளில் மேசை வைத்தால் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் வெளியே உள்ள நிலையத்துக்கு வர மாட்டார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்: அங்கே பேசும் பேச்சு. பந்து தவறினால் தாயையும் தங்கையையும் இழுத்துத் திட்டும் வார்த்தைகள். படிக்கட்டில் வழிமறித்து நிற்கும் கூட்டம். புகை. இவர்கள் யாரும் அந்தப் பெண்களைத் துன்புறுத்த எண்ணியவர்கள் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தும் கதவு மூடப்பட்டுவிட்டது. பூட்டுப் போட்டவர் முதலாளி அல்லர், நாம்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் உணவகங்களில் புகைப்பது 2019 ஜனவரி 1 முதல் தடை. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் விற்பதைத் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும். மூடிய, குளிர்சாதனம் போட்ட அறையில் ஒருவன் விடும் புகையை எல்லாரும் சுவாசிக்க வேண்டும். விழும் சாம்பலையும் தீப்பொறியையும் துணி தாங்காது. இரண்டு காரணமும் போதும். பந்தயப் பணமும் அப்படித்தான். “கூலி வெட்டு” என்று ஐந்து வெள்ளியில் தொடங்குவது எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. சூதாட்டத்துக்கு எதிரான 1953ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்றும் நடப்பில் உள்ளன. சோதனை வந்தால் ஆடியவரோடு இடம் கொடுத்தவரும் சிக்கலில் மாட்டுகிறார்.

மற்றவர்களுக்கும் பொறுப்பு உண்டு

இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு முடிப்பது எளிது. அது நேர்மையாகாது.

நிலையம் நடத்துபவர்கள் தங்கள் விதிகளைத் தெளிவாக எழுதி மாட்டட்டும், தமிழிலும் மாட்டட்டும். அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். முன்பணம் என்றால் வாசலில் நுழையும் எல்லாரிடமும் முன்பணம். முகத்தைப் பார்த்துக் கேட்கும் முன்பணம் யாரையும் திருத்தாது. நல்ல பிள்ளையையும் முரடனாக்கும். பள்ளிச் சீருடையோடு வருபவனைப் பணத்துக்காக உள்ளே விடுவதும் மரியாதைக் குறைவுதான். உரிமம் கொடுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கு அதைக் கவனிக்கும் பொறுப்பு இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “பூல் சென்டர் போகிறவன் உருப்பட மாட்டான்” என்று மொத்தமாக ஒதுக்கிவிட்டால், அங்கே நடப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாமலே போகும். ஒரு முறை மகனோடு படியேறிப் போய்ப் பாருங்கள். ஓர் ஆட்டம் ஆடியும் பாருங்கள். அப்பா வந்துபோகும் இடத்தில் பிள்ளைகளின் வாய் தானாகவே அடங்கும். பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் காற்பந்துப் போட்டி, ஃபுட்சால் போட்டி நடத்துகின்றன. ஒரு பூல் போட்டியும் நடத்தலாம். ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் விதியையும் மேசைப் பராமரிப்பையும் சொல்லிக் கொடுக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. குவளையை மேசையில் வைக்காதீர்கள். பக்கத்தில் சிறு மேசை இருக்கிறது. விளிம்பில் உட்காராதீர்கள். சாக்கை மேசைக்கு வெளியே போடுங்கள். பந்தைக் குதிக்க வைக்கும் வித்தையை வாடகை மேசையில் பழகாதீர்கள். பக்கத்து மேசைக்காரர் குனிந்திருக்கும்போது ஒரு நொடி நின்று வழிவிடுங்கள். பட்டால் பட்டது என்று சொல்லுங்கள். ஏதாவது கிழிந்தால், உடைந்தால் மறைக்காமல் முகப்பில் போய்ச் சொல்லுங்கள், பங்குபோட்டுக் கட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் பந்துகளைத் தட்டில் அடுக்கி, கியூவைத் தாங்கியில் வைத்து, குப்பையைத் தொட்டியில் போடுங்கள். இரவில் படியிறங்கும்போது கீழே குடும்பங்கள் தூங்குகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

கூட இருக்கும் நண்பன் தவறு செய்தால், “டேய், வேணாம்டா” என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். முதலாளி சொன்னால் அது கண்டிப்பு. போலீஸ் சொன்னால் வழக்கு. நண்பன் சொன்னால் மட்டுமே அது அறிவுரையாகக் காதில் ஏறும். நம் கூட்டங்களில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஆள் குறைவாக இருக்கிறது. சிரித்து ஊக்குவிக்க மூன்று பேர் இருக்கிறார்கள். தடுக்க ஒருவர் இல்லை.

காசு கொடுத்து நாம் வாங்குவது ஒரு மணி நேரத்தை மட்டும்தான். மேசை அடுத்து வருபவருக்கும் வேண்டும். அவரும் நம்மைப் போல ஒரு நாள் வேலை முடித்துக் களைத்து வருபவர்தான். அடுத்து வருபவன் நம் சொந்தத் தம்பியாக இருந்தால், அவனிடம் முகப்பில் முன்பணம் கேட்கப்படுமா, “வா தம்பி, ஏழாம் நம்பர் மேசை காலியாக இருக்கிறது” என்று சொல்லப்படுமா என்பதை இன்றிரவு ஆடிவிட்டுப் போகும் நாம்தான் முடிவு செய்கிறோம்.